கால் மாத்திரை

என் வலது முட்டி பொய் சொன்னதில்லை. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. முட்டியைப் பற்றிச் சொல்வார்கள். மழைக்கு ஆறு மணி நேரம் முன்னால் அது குடைய ஆரம்பிக்கும். பெருமழை என்றால் குத்தும், தூறல் என்றால் சுரண்டும். ஒருநாள் வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும்போதே சுரண்டியது. விசாரித்தால், பக்கத்துத் தெருவில் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ நிரம்பி வழிந்திருக்கிறது.

இந்த முட்டிக்கு ஒரு வேலையும் இருந்தது. நாங்கள் குடியிருப்பது முதல் மாடி. கீழே என் மைத்துனனின் சலவைக் கடை. நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கடை வாசலில் எனக்கு ஒரு மர நாற்காலி. காலையில் வந்து உட்கார்ந்து, காலை நீட்டி மடக்கி, "மாடி" என்பேன், இல்லையென்றால் "உள்ளே" என்பேன். மாடி என்றால் துணியெல்லாம் மொட்டைமாடிக் கொடிக்குப் போகும். உள்ளே என்றால் பின்னறையில் மின்விசிறிக்கு அடியில் காயும். ஒன்பது வருடத்தில் ஒரு கைக்குட்டை நனைந்ததில்லை. தெருவில் எனக்கு 'வானிலை' என்றே பெயர்.

சிக்கல், வீட்டுக்கு ஏறும் பதினெட்டுப் படிகள்தான். ஏறும்போது நான் முனகுகிற முனகலுக்கு எதிர்வீட்டு நாய் பதில் சொல்லத் தொடங்கியதும், என் மனைவி மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். மாத்திரையின் பெயரை எழுத மாட்டார். எந்த உறுப்புக்கோ அதை உறைமேல் எழுதுவார். 'தலை மாத்திரை', 'வயிறு மாத்திரை' என்று. மஞ்சள், சுக்கு, குங்கிலியம் எல்லாம் சேர்த்துச் செய்த மூலிகை மாத்திரையை உறையில் போட்டு, 'கால் மாத்திரை - காலை, மாலை' என்று எழுதிக் கொடுத்தார். ரத்தக்கொதிப்புக்கும் நான் மருந்து சாப்பிடுவதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார். கேட்டோம். ஒரு மாதம் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர்.

என் மனைவி, எழுத்தில் இருந்தால் அதை மீறமாட்டாள். காய் நறுக்கும் பலகையில் மாத்திரையை வைத்து நாலாக வெட்டி, காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு கொடுத்தாள். ஒரு துண்டு தெறித்து அடுப்புக்கு அடியில் போனது. அதைத் தின்ற எறும்பு, மறுநாள் ஒரு சர்க்கரைக் கட்டியை ஒற்றையாளாகச் சுவரேற்றியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"எனக்கு ரெண்டு கால் இருக்கே, அரையா குடேன்."

"வலிக்கிறது ஒண்ணுதானே" என்றாள்.

ஒரு மாதத்தில் முக்கால்வாசி வலி போய்விட்டது. நாய்க்குப் பேச்சுத்துணை இல்லாமல் போனது.

அப்புறம் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. லாட்ஜிலிருந்து நாற்பத்திரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வந்திருந்தன. காலை நீட்டினேன், மடக்கினேன். சத்தமே இல்லை. "மாடி" என்றேன். பதினோரு மணிக்குத் தூறியது. தூறல்தான், ஆனால் தெருப் புழுதியையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்த தூறல். நாற்பத்திரண்டையும் மறுபடி துவைத்தார்கள். மறுநாள் இறங்கி வந்தால் வாசலில் நாற்காலி இல்லை. உள்ளே கிடந்தது; அதன்மேல் சோப்புத்தூள் மூட்டை உட்கார்ந்திருந்தது.

மூட்டு போன இடத்தில் மூட்டை. நின்றவனுக்குத்தான் தெரியும் அந்த நிற்பு.

நேரே மருந்துக்கடைக்குப் போய், மாத்திரையை நிறுத்தினால் பழைய வலி திரும்பிவிடுமா என்று ஆசையாகக் கேட்டேன். இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்றார் கடைக்காரர்.

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"முக்கால் போயிடுச்சு. கால் வலிதான் மிச்சம்."

"கால் வலிக்குத்தானே கால் மாத்திரையே குடுத்தேன்?"

"அந்தக் கால் இல்லைங்க." நாலு விரலை நீட்டி மூன்றை மடக்கினேன். "இந்தக் கால். நீங்க எழுதினபடி நாலா வெட்டித்தான் சாப்பிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முழுசா சாப்பிடணும்ங்க. மிச்ச வலியும் போகலாம், போகாமலும் இருக்கலாம். சத்தியம் பண்ண முடியாது."

நிறுத்தினால் வலியும் நாற்காலியும். முழுசாகப் போட்டால் நடை எனக்கு, நாற்காலி மூட்டைக்கு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

"வானம் மேலதானே இருக்கு. முட்டியையே கேட்டுக்கிட்டு இருக்காம, கால் நல்லானதும் ஏறிப் போய்ப் பார்த்தா என்ன?"

ஒன்பது வருடமாக இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ஏறியிருக்க முடியாது.

முழு மாத்திரையோடு மூன்று வாரம். மாத்திரையோ, மனைவியின் சொல்லோ, மொட்டைமாடிக்கே ஏறிவிட்டேன். அங்கே இத்தனை நாளும் மேகம் இருந்திருக்கிறது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு ஓரம் கறுத்து வந்தது. "உள்ளே" என்று மேலிருந்து குரல் கொடுத்தேன். கீழே தயங்கினார்கள், பிறகு வந்து துணியை அள்ளினார்கள். அரை மணியில் கொட்டியது.

மறுநாள் மைத்துனன் மூட்டையை இறக்கிவிட்டு, நாற்காலியைத் தலையில் சுமந்து மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தான். நனையக்கூடாதென்று தினமும் காலையில் ஏற்றுகிறான், மாலையில் இறக்குகிறான்.

போன வாரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். வலது முட்டி லேசாகச் சுரண்டுகிறதாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆறு மணி நேரத்தில் தூறியது.

தூறலை நான் கண்ணால் பார்த்துக்கொள்வேன். பெருமழைக்குக் குடும்பத்தில் கால் வலி மிச்சமுள்ள ஒரு முட்டி இருப்பது நல்லது.

"மச்சான், நீங்க என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"கால் மாத்திரை, மாப்ளே. நாலா வெட்டி ஒண்ணு போடு. அதுக்கு மேல தொடாத."