முழங்கால் விம்மல்

கீழக்கரை மஹ்மூதின் உயரம் ஆறடி ஏழு அங்குலம். அவருடைய முதல் பாஸ்போர்ட்டில் ஆறடி மூன்று என்றுதான் இருந்தது. அதற்கு மேல் எழுதினால் அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள் என்று விண்ணப்பம் நிரப்பியவர் நான்கு அங்குலத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார். தள்ளுபடியான அந்த நான்கு அங்குலத்தை மஹ்மூது வாழ்நாள் முழுக்கக் குனிந்தே ஈடுகட்டி வந்தார். ராமநாதபுரம் பஸ்ஸில் குனிந்தார். பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் குழாயடியில் மற்றவர்களை விட இரண்டு மடங்கு குனிந்தார். பஹ்ரைனில் ஹோட்டல் ஊழியர் குடியிருப்பில், இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், பாதங்களை வெளியே நீட்டியபடி இருபத்தாறு வருடம் தூங்கினார். விடுப்பில் ஊருக்கு வந்தால் மனைவி ஹமீதா பானு கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் மேல் தலையணை வைத்துவிடுவாள். அவர் ஊரோடு வந்து சேர்ந்து இரண்டு வருடமாகியும் ஸ்டூல் அங்கேயே இருந்தது.

ஹோட்டலில் அவருடைய வேலை ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்வது. அங்கே தினமும் மாலையில் வாசித்த குழுவில் ரோமி என்றொரு பிலிப்பினோக்காரன் இருந்தான். அவன் வாசித்தது பெடல் ஸ்டீல் கிடார். கிடார் என்று பெயரே தவிர, பார்வைக்கு அது நான்கு கால் மேசை. மேலே பத்துக் கம்பிகள். இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கீழே, முன்னங்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு சட்டம்; அதில் மூன்று மிதிகள். மிதித்தால் ஒரு தண்டு இழுபட்டு மேலே கம்பியின் சுருதி ஏறும். போதாததற்கு மேசையின் அடியில் ஒரு லீவர் தொங்கும். முழங்காலைத் தூக்கி அதை முட்டினால் ஒரு கம்பி அரைச்சுரம் இறங்கும். ஓர் அலுவலகம் முழுக்கச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை ஒரே ஆள் உட்கார்ந்து செய்கிற கருவி அது.

ரோமி ஐந்தடி இரண்டு அங்குலம். தன் அளவுக்கு வர வேண்டுமென்று மேசையின் கால்களையும் தண்டுகளையும் அறுத்துக் குறைத்திருந்தான். பதினோரு வருடத்துக்கு முன் அவன் ஊர் திரும்பியபோது, "உன் ஒருத்தனாலதான் இதைத் தனியாத் தூக்க முடியும்" என்று மஹ்மூதிடம் கொடுத்துவிட்டுப் போனான். வாசிக்கவும் ஓரளவு சொல்லிக் கொடுத்திருந்தான். மஹ்மூது அதன் முன்னால் உட்கார்ந்தால், சின்ன வள்ளத்துக்குள் பெரிய பாய்மரத்தை மடித்துத் திணித்தது போல இருக்கும். ஆனாலும் வாசித்தார். லீவு நாள் தவறாமல் வாசித்தார். ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அரை மணி நேரம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'இஸ்திரி மேசை, கம்பிகளுடன் – 1' என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் அதற்கு 'மேசை' என்றே பெயர் நிலைத்தது.

மேசையில் அவர் அதிகமாக வாசித்தது ஒரே ஒரு பழைய பாட்டு. அவர்களுடைய கல்யாணத்தன்று ஒலிபெருக்கியில் ஏழெட்டுத் தடவை போட்ட பாட்டு அது. கல்யாணமாகி நாற்பதாவது நாள் மஹ்மூது விமானம் ஏறியதால், ஹமீதா பானுவுக்கு அந்த நாற்பது நாட்களிலிருந்து கையில் மிச்சமிருந்தது அந்தப் பாட்டுத்தான். சரணத்தில் ஓரிடத்தில் குரல் மேலே ஏறி, அசையாமல் நிற்கும். மஹ்மூது வாசித்தால் அந்த இடம் ஏறும், ஆனால் நிற்காது. லேசாகச் சரிந்து, அழப்போகிற பிள்ளையின் உதடு மாதிரித் தொங்கும்.

"அங்கன தப்பு வருது," என்பாள் அடுப்படியிலிருந்து.

"அது ஸ்டைலு."

"ஸ்டைலோ என்னமோ. பாட்டுல அப்பிடி இல்ல."

அந்தத் தொங்கலைத்தான் கடலோரக் கலை இலக்கியப் பேரவைத் தலைவர் வாவு முகம்மது கண்டுபிடித்தார். தலைவரின் பெயருக்கு முன்னால் நான்கு பட்டங்கள் உண்டு. நான்கையும் பேரவையே வழங்கியிருந்தது. ஒருநாள் தெருவில் போனவர் காதில் பாட்டு விழுந்ததும் செருப்போடு வாசலில் நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்றுதான் அழைப்பார்.

"மஹ்மூது காக்கா, அந்த இடம் இருக்கே, அது சுரம் இல்ல. அது விம்மல். கடல் கடந்து போன நம்ம சமூகத்தோட நூறாண்டு விம்மல்!"

மஹ்மூது பணிவானவர். அதனால், 'இருக்கலாம்' என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதப் பேரவை விழாவில் அவருக்கு 'விம்மல் வேந்தர்' பட்டம் என்று முடிவாகி, கேடயத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

வேந்தருக்கு அதற்குள் இடுப்பு போய்விட்டது. ஒருநாள் காலை மேசையிலிருந்து எழுந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ராமநாதபுரத்து டாக்டர், டிஸ்க் விலகியிருக்கிறது, இதே மடிப்பில் இன்னும் ஆறு மாதம் உட்கார்ந்தால் கத்திதான் என்றார்.

ஹமீதா பானு ஆஸ்பத்திரி வாசலில் தனியாகப் போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்.

"மெட்ராஸ் ஸ்டூடியோக்காரரு அந்த மேசைய வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காருல்ல? வரச் சொல்லிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி வருது."

"என்னைய ஒரு வார்த்த கேக்காம..."

"பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள மேசை ஒங்களுக்குத் தக்கன ஆகட்டும். ஆனா இங்கனயே இருக்கட்டும். ஆகலன்னா போகட்டும். எனக்கு நடக்குற மனுசன் வேணும்ங்க. இருவத்தாறு வருசம் போன்லயே குடும்பம் நடத்திட்டு, இப்பப் படுத்த படுக்கையா ஒங்களப் பாக்க என்னால ஏலாது."

அதில் தவறு கண்டுபிடிக்க மஹ்மூது முயன்றார். கிடைக்கவில்லை.

முதலில் களமிறங்கியவன் ஹமீதாவின் தம்பி ஹமீது சுல்தான். விசைப்படகு என்ஜின் பார்க்கிறவன். "மச்சான், நாப்பது குதிர சக்தி என்ஜினையே தூக்கி வைக்கிறவன் நானு. மேசையத் தூக்குறதா பெரிய காரியம்?" என்றான். மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் எட்டு அங்குலக் குழாய்களைச் செருகினான். மேசை கம்பீரமாக உயர்ந்தது. முன்னங்கால்களில் மாட்டியிருந்த மிதிகளும் அதனுடன் சேர்ந்து கம்பீரமாக உயர்ந்தன. மஹ்மூதின் பாதங்கள் மிதிகளை அண்ணாந்து பார்த்தன. அப்படியானால் நாற்காலியையும் உயர்த்துவோம் என்று செங்கல் அடுக்கினான். மஹ்மூது மேலே ஏறி உட்கார்ந்தார். முன்பிருந்த அதே மடிப்பு, அதே இடி, அதே வலி. எல்லாம் எட்டு அங்குலம் உயரத்தில்.

"காத்தாவது நல்லா வருதா மச்சான்?" என்றான் ஹமீது சுல்தான்.

அடுத்த யோசனை வாவு முகம்மதுவுடையது. பரமக்குடியில் தறி நெய்கிறவர்கள் குழிக்குள் காலை விட்டு உட்காருவதைத் தாம் ஆய்வு செய்திருப்பதாகச் சொன்னார். பஸ் ஜன்னல் வழியாகச் செய்த ஆய்வு. கொல்லையில் குழி வெட்டப்பட்டது. கடல் கூப்பிடு தூரம். இரண்டு அடியில் தண்ணீர் வந்தது. நான்கு நாள் வெயிலில் அது வற்றியபோது ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"வாலிநோக்கத்துல ஏக்கர் கணக்குல பாத்தி போட்டு எடுக்குற உப்ப, நாம கொல்லையிலயே எடுத்துட்டோம்," என்றாள் ஹமீதா பானு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வண்டியை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

இடுப்புக்குப் பெல்ட் கட்ட டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மஹ்மூது செவ்வாய்க்கிழமை ராமநாதபுரம் போனார். பெல்ட், பலமில்லாத காலுக்கு மாட்டும் காலிபர், செயற்கைக் கால் எல்லாம் செய்து தருகிற சின்னப் பட்டறை அது. அங்கே வேலை பார்ப்பவள் கோகிலா. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். முப்பத்தைந்து வயது, கழுத்தில் அளவு டேப். அவருடைய இடுப்பை அளந்து எழுதிக்கொண்டு, "என்ன வேலை பாத்து இப்பிடி ஆச்சு பாய்?" என்று கேட்டாள்.

மஹ்மூது சொன்னார். குழி வரைக்கும் சொன்னார்.

"எல்லாரும் மேசைய அளந்தாக. ஒங்கள யாரு அளந்தா?"

மஹ்மூது யோசித்துப் பார்த்தார். தையல்காரர்களைத் தவிர யாரும் அளந்ததில்லை. அவர்களும் துணி போதாது என்று சொல்வதற்காகவே அளந்தார்கள்.

"செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க," என்று அவள் தரையிலிருந்து அவர் முழங்கால் வரை டேப்பைப் பிடித்தாள். இருபத்து நான்கரை அங்குலம். "நாளைக்கு வந்து மேசையப் பாக்குறேன்."

புதன்கிழமை வந்தாள். ஹமீது சுல்தானின் குழாய்களைக் கழற்றச் சொல்லி, மஹ்மூதை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டு மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"பாய், இது என்ன? நீங்க உக்காந்த ஒடனே மேல போகுது?"

"அது லீவரு. முழங்கால் பட்டா ஒரு கம்பி அரைச்சுரம் எறங்கும்."

"எப்பப் படணும்?"

"வேணுங்கறப்ப."

"ஒங்களுக்கு எப்பப் படுது?"

 மஹ்மூது முழங்காலைக் கையால் அழுத்தித் தாழ்த்தி, சரணத்தில் அந்த இடம் ஏறுகிற கம்பியை மீட்டினார். கையை எடுத்துவிட்டு மறுபடி மீட்டினார். இரண்டும் வேறு வேறு.

"சுருதி சேக்கும்போது தெரியலையா?"

"நின்னுக்கிட்டுத்தான் சேப்பேன். உக்காந்து சேத்தா இடுப்பு வலிக்கும்ல."

சமூகத்தின் நூறாண்டு விம்மல், மஹ்மூதின் வலது தொடைக்கு மேலே இரும்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. இரண்டு வருடமாகச் சொன்னது பலித்துவிட்ட நேரத்தில் ஹமீதா பானு கோகிலாவுக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். அது அவளுடைய பெருந்தன்மை.

"மிதிக்கும் லீவருக்கும் நடுவுல பத்தொம்பது அங்குலம்தான் இருக்கு," என்றாள் கோகிலா. "ஒங்களுக்கு இருவத்தஞ்சு வேணும். குழாய் மாட்டுனவரு பாதத்துக்குக் கீழ நீட்டிட்டாரு. முட்டிக்குக் கீழல்ல நீட்டணும்? மிதி தரையிலயே கெடக்கட்டும். அதுக்கு மேல உள்ள காலும் தண்டும்தான் வளரணும்."

ஹமீது சுல்தான் தன் குழாயை ஒரு தடவையும் மேசையை ஒரு தடவையும் பார்த்தான். "அதத்தான் நானும் மொதல்ல நெனச்சேன்," என்றான். 

செயற்கைக் காலுக்குப் போடுகிற அலுமினியக் குழாயில் கோகிலா ஆறு அங்குலத் துண்டுகள் நான்கு வெட்டினாள். மிதிச் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு மேலே முன்னங்கால்களை நீட்டினாள். பின்னங்கால்களுக்கும் அதே அளவு. தண்டுகளுக்கு என்ன செய்வது என்பதில் ஒரு நாள் போனது. வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பைக் பட்டறையில், இனி ஓடவே ஓடாது என்று ஒதுக்கி வைத்திருந்த மூன்று வண்டிகளிலிருந்து பின் பிரேக் ராடுகளைக் கழற்றி வாங்கினாள். நுனியில் மரை இருந்ததால் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நாற்காலிக்கும் ஒரு பலகை சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மஹ்மூது உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு, ஏதோ மறந்துவிட்டவர் போலக் கீழே பார்த்தார். முழங்காலுக்கும் லீவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. முதுகு நேராக இருந்தது. நேராக இருக்கும் முதுகை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"வாசிங்க பாய். நாலு மணி பஸ்ஸ விட்டா எனக்கு அடுத்தது ஆறரைக்குத்தான்," என்றாள் கோகிலா.

வாசித்தார். பல்லவியில் பிரேக் ராடு ஒன்று கிறீச்சிட்டது. கோகிலா ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. ஏறியது. நின்றது. இரும்புத் துண்டைக் கம்பியை விட்டு எடுக்க மஹ்மூதுக்கு மனம் வரவில்லை. சுரம் அதன் பாட்டுக்கு நேராக நின்றுகொண்டே இருந்தது.

ஹமீதா பானு கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்திருந்தாள்.

"இன்னொரு தரம் வாசிங்க," என்றாள்.

இரண்டாவது தரம் முடியும்போது வாவு முகம்மது வந்து சேர்ந்தார். கண்களை மூடிக் கேட்டார். அந்த இடம் வந்ததும் திறந்தார்.

"விம்மல் எங்கே?"

"அது முட்டி சார்," என்றாள் கோகிலா.

விளக்கினார்கள். தலைவர் குனிந்து லீவரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காக்கா, கேடயத்துல எழுத்து வெட்டியாச்சு. விழா அன்னிக்கி மட்டும் அந்த லீவரை ஒரு கயிறு போட்டு மேல இழுத்துக் கட்டிக்கிட்டா என்ன?" என்றார்.

மஹ்மூது பணிவானவர். வாயைத் திறந்தார். சரி என்று சொல்லிவிடுவாரோ என்று கோகிலா கவலையோடு பார்த்தாள்.

"இல்ல தலைவரே," என்றார் மஹ்மூது. "நிமிந்து உக்காந்துட்டேன். இனிமே அது வராது."

கேடயம் வீணாகவில்லை. விழாவில் அதைத் தொண்டியிலிருந்து வந்த ஒரு பாடகர் பெற்றுக்கொண்டார். அவருக்கு அன்று கடும் ஜலதோஷம். அந்த மேடையில் அவரைப் போல விம்மியவர் இதுவரை இல்லை என்று தலைவர் புகழ்ந்தார்.

அதெல்லாம் பிறகு. அன்று தலைவர் படியிறங்கியதும் ஹமீதா பானு போனை எடுத்து, ஸ்டூடியோவில் போனை எடுத்தவரிடம் வண்டி வர வேண்டாம், மேசை ஆள் அளவுக்கு ஆகிவிட்டது என்று சொன்னாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "இஸ்திரி போட இல்லீங்க, வாசிக்கத்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மஹ்மூது எழுந்தார். பாதியில் நிற்காமல் முழுசாக எழுந்ததில் தலை டியூப்லைட்டில் இடித்தது. கோகிலா சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போடப் போனாள். ஹமீதா பானு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பஸ்ஸு போனாப் போகுதும்மா. ஒன்னைய வண்டியில கொண்டுபோயி விடச் சொல்றேன். அந்த டேப்ப எடுத்துக்கிட்டு உள்ள வா. கட்டில் ஒண்ணு இருக்கு."