வெந்நீருக்கு முன்

ஜூலை 9, புதன்

ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். அம்மாவின் கை காலையில் எத்தனை நிமிடம் விறைத்திருக்கிறது என்ற கட்டத்தில் பதினான்கு நாளும் ‘பத்து’ என்று எழுதினேன். இதைச் சின்னத் தவறு என்று எழுதலாமா, தெரியவில்லை.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கான மாலை வகுப்பில் கற்றபடி நோட்டில் கோடு போட்டிருந்தேன்: தேதி, எந்த விரல், வீக்கம், விறைப்பு, சாப்பிட்ட மாத்திரை. தினமும் ஆறு மணிக்கு எழுந்து, அம்மாவை விரல் மடக்கச் சொல்லி, போனில் நேரம் பார்த்தேன்.

இன்று கிளினிக்கில் டாக்டர் தர்மினி நோட்டைப் புரட்டினார். “நல்லா எழுதியிருக்கீங்க, குமுதா.” பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு விளக்கினார். மூட்டுத் தேய்மானம் என்றால் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும். இரண்டு கைகளும் ஒன்றுபோல் வீங்கும். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். கவனிக்காமல் விட்டால் விரல்கள் கோணிவிடும்.

“பத்து நிமிஷம்தானாம்மா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

“அப்ப கடிதத்துல அவசரம்னு போடல. மூட்டு நிபுணரைப் பிப்ரவரியில பார்க்கலாம்.”

ஈஜோக்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே அப்பா சிரித்தார்.

“பத்து நிமிஷமா? இந்த நண்டு நாலு மணிக்கே வாளி வெந்நீர்ல கைய ஊறப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். மகாராணி ஆறு மணிக்கு எழுந்து டைம் பார்த்தாங்களாம். படிக்கிற புள்ள லா!”

நண்டு. போன தீபாவளிக்கு அம்மாவின் கையிலிருந்து தேத்தண்ணி கிளாஸ் நழுவி உடைந்தது. அப்பா விருந்தாளிகள் முன்னால் விரல்களை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“தெரிஞ்சும் ஏம்பா டாக்டர்கிட்ட சொல்லல?”

“என்னையா கேட்டாங்க?”

பின்சீட்டில் அம்மா கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தார். “விடு புள்ள. பிப்ரவரி வந்துரும்.”

வீட்டுக்கு வந்து, அப்பா வெளியே போனதும் கேட்டேன். “வெந்நீர் இல்லன்னா எவ்ளோ நேரம் ஆகும்மா?”

“தெரியல. தீபாவளிக்கப்புறம் வெந்நீர் இல்லாம இருந்ததே இல்ல.”

கிளினிக்குக்கு போன் செய்தேன். தாதி டாக்டரைக் கேட்டுச் சொன்னார்: ஒரு காலை வெந்நீர் இல்லாமல் நேரம் பார்த்து, கைகளைப் படம் எடுத்து வந்தால், டாக்டர் மறுபடி பார்த்துக் கடிதத்தை மாற்றுவார்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. “அஞ்சரைக்கு ஒங்கப்பா எழுந்து தேத்தண்ணி கேப்பாரு. என் கையப் பார்ப்பாரு. வேணாம் புள்ள.”

“ஒரே ஒரு நாள்மா.”

“ஒனக்கென்ன, ஒரு நாளு.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவின் குரலில் பேசினேனோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

நாளை: நாலு மணிக்கு முன்பே எழ வேண்டும். அம்மாவை அடுப்புப் பற்றவைக்க விடக் கூடாது. இரண்டு கைகளையும் படம் எடுக்க வேண்டும். விரல்கள் மடங்கும் வரை நேரம் குறிக்க வேண்டும், அப்பா எழுந்து வந்தாலும்.