இடது கை மயில்

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு என்னைப் 'ப்ராஜெக்ட் ஆன்ட்டி' என்றால்தான் தெரியும். ஜெயம் என்று கேட்டால், எந்த ஜெயம் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேனா, சார்ட், கலர் பேப்பர் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் நானும் ஒரு மிக்சியும் ஒரு சாமி படமும் இருக்கிறோம்.

சாயங்காலமானால் அம்மாக்கள் போனை நீட்டிக்கொண்டு வருவார்கள்.

"நாளைக்கு மூணாம் கிளாசுக்குப் பட்டாம்பூச்சி வெட்டிக்கினு வரணுமாம். ஜல்தியா வெட்டிக் குடுங்க ஆன்ட்டி."

உன் பிள்ளைக்கு என்ன கை இல்லையா என்று கேட்க வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்கள்.

"ரொம்ப அழகா வெட்டிடாதீங்க. மிஸ்ஸு கண்டுபுடிச்சிடுவாங்க."

அதற்காகவே இடது கையால் வெட்டப் பழகினேன். கோடு கொஞ்சம் நெளியும், மூலை கொஞ்சம் கிழியும், பசை ஓரத்தில் பிதுங்கும். பன்னிரண்டு வருஷமாக ஒரு மிஸ்ஸும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடக் கண்காட்சியில் முதல் பரிசு என் இடது கைக்குத்தான். ஆனால் அதை ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பெற்றவர்களை மட்டும்தான் விடுவார்கள். நான் எந்தப் பிள்ளையைக் காட்டி உள்ளே போவது?

போன ஜூன் மாதத்திலிருந்து அஸ்வினி கடைக்கு வர ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா காந்திமதிக்கு விழுப்புரத்தில் துணிக்கடை வேலை. பஸ் பிடித்து வந்துசேர ஏழு மணி ஆகிவிடும். அதுவரை பிள்ளை இங்கே இருக்கட்டுமா அக்கா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன், முகத்தைக் கொஞ்சம் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான். இரண்டாவது வாரத்தில் அந்தக் குட்டி என்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாதவள் நான். அந்த வார்த்தையை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. பென்சில் டப்பாவைத் தேடுகிற மாதிரி மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நாலு மணி ஆனால் ஸ்டூலை எடுத்து வெளியே போட்டுவிட்டுத்தான் வேறு வேலை பார்த்தேன்.

இந்த வருஷக் கண்காட்சிக்கு மூன்றாம் வகுப்புக்கு மயில் என்று அறிவித்தார்கள். இருபத்துமூன்று அம்மாக்கள் என்னிடம் வந்தார்கள். அஸ்வினி மட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நானே வெட்டுவேன். நீங்க பாக்கக் கூடாது."

நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டினாள். தோகை வரைக்கும் ஒரு மாதிரி வந்தது. கழுத்தில் கத்தரி ஒரு முறை தவறி, தலை தனியாக விழுந்துவிட்டது. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. நீலத் தாள் தீர்ந்துபோயிருந்தது. ஒரு மஞ்சள் துண்டைக் கிழித்து ஒட்டுப் போட்டாள். தலையையும் திருப்பி ஒட்டிவிட்டாள். மயில் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அய்யய்யோ, தலை அப்பால திரும்பிக்கிச்சேடி."

"அது அப்படித்தான் பெரிம்மா. கழுத்துல அடிபட்டு கட்டு போட்டிருக்குது. அம்மா வர்றாங்களான்னு திரும்பிப் பாக்குது."

பிறகு கத்தரியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சனிக்கெழம கண்காட்சிக்கு வர அம்மாவுக்கு லீவு கெடையாது. நீங்க வர்றீங்களா?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு பிள்ளை அழைப்பு வைத்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கேதான் என் புத்தி கெட்டது. என்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டவள் தோற்று நிற்பதை நான் எப்படிப் பார்ப்பேன்? அந்த ஒட்டுப்போட்ட மயிலை ஒரு மிஸ்ஸும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்று தோன்றியது. புதிதாக ஒரு மயில் வெட்டினேன். இடது கையால்தான், ஆனால் மற்ற இருபத்துமூன்றுக்கும் காட்டாத அக்கறையோடு. அஸ்வினியின் பேரை எழுதி, செய்தித்தாளில் சுற்றி, சனிக்கிழமை காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் வந்தவள் கையில் கொடுத்தேன்.

"பிரிக்காத கண்ணு, கசங்கிடும். மிஸ் கையில அப்படியே குடுத்துடு."

அவள் வெட்டி வைத்துவிட்டுப் போன மயில் மேசையில் துண்டுத் தாள்களோடு கிடந்தது. கடை கூட்டும்போது எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டினேன். குப்பை வண்டிக்காரர் முருகையன் வந்து எடுத்துப்போனார். அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு, அஸ்வினியின் பெரிம்மா என்று சொல்லி உள்ளே போனேன். வகுப்பறைச் சுவர் முழுக்க என் மயில்கள். இருபத்துநாலும் என்னுடையவை. ஒவ்வொன்றுக்கும் கீழே வேறு யாருடைய பேரோ இருந்தது. பெருமையாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அப்படி இல்லை.

அஸ்வினியின் பேர் போட்ட மயிலுக்கு முதல் பரிசு. மிஸ் ஒரு டிபன் பாக்ஸை நீட்டினாள். பிள்ளை வாங்கவில்லை. சுவரையே பார்த்தாள்.

"இது என்னுது இல்ல மிஸ்."

"உன் பேருதானம்மா போட்டிருக்குது?"

அஸ்வினி என் பக்கம் திரும்பினாள்.

"பெரிம்மா, என்னுது எங்க?"

இருபத்துமூன்று அம்மாக்களும் என் வாயையே பார்த்தார்கள். வெட்டியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுவரில் இருக்கிற அத்தனை மயிலும் சாயம் வெளுத்துவிடும். நாளைக்கு ஒரு பிள்ளை என் கடை ஏறாது.

"இதுதான் கண்ணு உன்னுது," என்றேன். "நீதான வெட்டுன?"

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள். அஸ்வினி டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டாள். சண்டை போடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

வெளியே ஓடிவந்து முருகையனைப் பிடித்தேன்.

"காலையில எடுத்துக்கினு போன பேப்பர் மூட்டை எங்கண்ணே?"

"அது அப்பவே கொட்டியாச்சும்மா. இன்னா, நகை கிகை போயிடுச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு ஸ்டூலைப் போட்டேன். அஸ்வினி எதிர்ச்சாரியில் நடந்து, பேருந்து நிறுத்த நிழற்குடையில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் அந்த டிபன் பாக்ஸ் இருந்தது. பிரிக்காத உறையோடு அப்படியே இருந்தது. காந்திமதி ஒருநாள் வந்து, "இன்னாக்கா ஆச்சு? உங்க கடைக்குப் போமாட்டேன்னு அடம் புடிக்குது" என்று கேட்டாள். நடந்தது எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "எனக்கு இன்னா தெரியும்?" என்று வந்தது.

இப்போது தினமும் நாலு மணிக்கு ஒரு மயில் வெட்டுகிறேன். நீலத் தாள், இடது கை. கழுத்தைத் துண்டிக்கிறேன். மஞ்சள் ஒட்டுப் போட்டுத் தலையைத் திருப்பி ஒட்டுகிறேன். பார்க்கிறவர்கள் எட்டு வயசுப் பிள்ளை வெட்டியது என்று அடித்துச் சொல்வார்கள்.

அதைக் கடை வாசலில், நிழற்குடையைப் பார்க்கத் தொங்கவிடுகிறேன். அவள் அங்கிருந்தே ஒரு தடவை பார்க்கிறாள். பிறகு பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அது தன்னுடையது இல்லை என்று அவளுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது.