இரண்டு கணினிக்கு ஒரே டிஸ்க்

ஜமுனாமரத்தூரில் அந்த அலுவலகத்துக்கு டிஸ்க் பெட்டி மாட்டிக்கொடுத்தவன் நான்தான். மலையில் உழுகிற நிலத்துக்கு உரிமை கேட்டு மனுப் போடுகிறவர்களுக்காகப் படம், வரைபடம் எல்லாம் சேர்த்துக்கொடுக்கும் சின்ன அமைப்பு அது. பொறுப்பாளர் பிரியதர்ஷினி. வரைபடம் போடுகிறவர் சக்திவேல். ஆளுக்கொரு கணினி, நடுவில் ஒரு பெட்டி, ஈதர்நெட் கம்பி. என் கடை இருக்கும் கணியம்பாடியில் இப்படிப்பட்ட வேலையை டீ ஆறுவதற்குள் முடித்திருக்கிறேன். அந்தத் திமிரோடுதான் பஸ் ஏறினேன்.

பெட்டியிலிருக்கும் டிஸ்க்கை இரண்டு பேருக்குப் பகிர எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று என்.எஃப்.எஸ். அதில் கோப்புகள் பெட்டியின் பொறுப்பில் இருக்கும். கேட்கிறவருக்கு அது எடுத்துக்கொடுக்கும். யார் எங்கே எழுதுகிறார் என்பது அதற்குத் தெரியும். இன்னொன்று ஐஸ்கஸி. அது டிஸ்க்கையே கம்பி வழியாகத் தூக்கிக்கொடுத்துவிடும். கணினி அதைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்க் என்றே நம்பும். இரண்டு கணினிக்குக் கொடுத்தால் இரண்டும் அப்படியே நம்பி, ஒன்றின் மேல் ஒன்று எழுதித் தொலைக்கும்.

சக்திவேலின் வரைபடங்கள் பெரியவை. என்.எஃப்.எஸ்.ஸில் திறக்க நேரம் பிடித்தது. ஐஸ்கஸியில் பட்டென்று திறந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதையே வைத்தேன். ஒருவர் இணைத்திருக்கும்போது மற்றவர் இணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து முறையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

ஆனால் காற்றடித்தால் மலையில் கரண்ட் போகும். ஒரே நாளில் நாலைந்து தடவைகூடப் போகும். ஒவ்வொரு தடவையும் கட்டளை அடித்து இணைக்க வேண்டியிருக்கிறது என்று சக்திவேல் போனில் அலுத்துக்கொண்டார். நான் கடையில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாக, கணினி எழுந்ததும் தானாக இணையும்படி மாற்றினேன். அவருடையதை மட்டும் மாற்றியிருக்கலாம். கையோடு கையாக இரண்டையும் மாற்றிவிட்டேன். கூடாது என்று தெரியும். தெரிந்தும் செய்தேன்.

இரண்டு திரையிலும் டிஸ்க் தெரிந்ததும், இனி முறை பார்க்க வேண்டாம் போலிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. ஆறாம் நாள் டிஸ்க் திறக்கவில்லை.

மறுபடி மலையேறிப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து தோண்டினேன். மனுப் போட்ட இருபத்துமூன்று குடும்பங்களில் பத்தொன்பது குடும்பங்களின் படங்கள் வந்தன. மிச்சம் நாலு வரவில்லை. கேமரா கார்டை அடுத்த ஊருக்காக அழித்திருந்தார்கள். நகல் எடுத்துவைக்க இன்னொரு டிஸ்க்கை அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தவனும் நான்தான். மூன்று குடும்பங்களுக்கு மறுபடி படமெடுக்கலாம். அவர்கள் நிலத்தில் காட்டப் புளியமரங்கள் நிற்கின்றன. நாலாவது செல்லியம்மாள். அவர் நிலத்தில் சாமை நின்ற படம்தான் அவருக்கு ஆதாரம். சாமையை அறுத்துவிட்டார். வியாழக்கிழமை விசாரணை. படம் இல்லையென்றால் பயிரில்லாத நிலம் என்று எழுதி மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

அடுத்த சாமை நிற்கும்வரை தவணை கேட்கலாம், அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்றார் பிரியதர்ஷினி. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கி அரைப்பக்கம் எழுதினேன். செல்லியம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கடிதத்தைப் படிக்கச் சொல்லி நின்றபடியே கேட்டார்.

“கோளாறுன்னா இன்னா தம்பி?”

“ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே டிஸ்க்குல எழுதிடுச்சிங்க.”

“அதுவா எழுதிச்சா?”

இல்லை, நான் இணைத்துவிட்டதால் எழுதியது என்றேன். அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.

“அப்போ அத்த எழுது. மிஷினைக் கூப்ட்டு கேக்க முடியாது. நாந்தான் பொய் சொல்றேன்னுவாங்க. ஆளு பேரு இருந்தா கூப்ட்டு கேப்பாங்க.”

எனக்கு அசிங்கமாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, பார்த்திபன் ஆகிய நான், இணைக்கக் கூடாது என்று தெரிந்தும் இரண்டு கணினிகளையும் இணைத்தேன் என்று எழுதினேன். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் செல்லியம்மாள் அதை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் சொன்னது போலவே கூப்பிட்டுக் கேட்டார்கள். தெரிந்தே செய்தீரா என்றார் அதிகாரி. தெரிந்தேதான் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்த சாமை வரைக்கும் தவணை கொடுத்தார்கள். மற்றவர்களின் மனுக்கள் அன்றே மேலே போயின.

இப்போது அந்த அலுவலகத்தில் என்.எஃப்.எஸ்.தான். வரைபடம் திறக்கும்வரை சக்திவேல் காத்திருக்கிறார். செல்லியம்மாள், தன்னுடையது என்று இன்னும் யாரும் எழுதிக்கொடுக்காத நிலத்தில் இன்னொரு வருஷம் உழ வேண்டும். அவர் கோப்பில் நிலத்தின் படம் ஒன்றுகூட இல்லை. என் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கிறது.