எட்டு முட்டைக்கோஸ்

லிஃப்ட் மெக்கானிக்கை அந்த வாரம் இரண்டு செய்திகள் தேடி வந்தன. திங்கட்கிழமை, இனி ஓவர்டைம் கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை அவன் மனைவி, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பக்கத்து லேபிலிருந்து அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் காலை வைத்துக்கொண்டு நின்றது. கொழுப்போ எல்லையைத் தாண்டி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

வருமானம் குறைந்த நேரத்தில்தானா இந்த வம்பு என்று அவன் அலுத்துக்கொண்டான். "நல்லதாச் சாப்பிடணும்னா நிறைய செலவாகுமே" என்றான்.

"இப்ப கெட்டதாச் சாப்பிடறதுக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்த்தீங்களா?" என்று அவள் டப்பாவிலிருந்த பில்களை எடுத்து அவன் முன்னால் கொட்டினாள்.

அவர்களுடைய பதின்மூன்று வயது மகள், வீட்டில் வாண்டு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள், பில்களைப் பிரித்து அடுக்கினாள். அரிசி, பருப்பு, காய்கறி ஒரு அடுக்கு. நூடுல்ஸ், சிப்ஸ், குளிர்பானம், போன் போட்டு வரவழைத்த பிரியாணியும் பீட்சாவும் இன்னொரு அடுக்கு. இரண்டாவது அடுக்கு தடிமனாக இருந்ததோடு, அதில் பாதிக்கு மேல் அப்பாவின் பேரில் இருந்தது.

மனிதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு மாடிக் கட்டடத்தில் நடுவழியில் நின்ற லிஃப்டை இருபது நிமிடத்தில் ஓட வைக்கிறவன், ஒரு சமையலறையைச் சரி பண்ண முடியாதா? ஒரு மாதம் சமையலறையைத் தன்னிடம் விட்டால் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டுவதாகச் சவால் விட்டான். அடுப்பில் வெந்நீரைத் தவிர வேறு எதையும் வைத்து அறியாத புருஷனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சட்டென்று ஒத்துக்கொண்டாள், நிபந்தனையோடு. யாரும் அரைவயிற்றோடு எழுந்திருக்கக் கூடாது. தட்டில் பாதி காய்கறியாக இருக்க வேண்டும். வெளியே சாப்பிட்டாலும் கணக்கில் வரும். ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வரை தூங்கினாலும் எழுப்புவதில்லை. தோற்றால் மூன்று மாதம் பாத்திரம் முழுக்க அவன் தலையில். வாண்டு தன்னைத் தானே நடுவராக நியமித்துக்கொண்டாள்.

முதல் நாள் காலையிலேயே அவன் அலமாரியைக் குடைந்து எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினான். பாதி பாதியாக நான்கு பருப்புப் பாக்கெட்டுகள், பிரிக்காத கொண்டைக்கடலை இரண்டு கிலோ, ஓட்ஸ் மூன்று டப்பா, ஃப்ரீசரின் அடியில் பனிக்கட்டியோடு கட்டியாகக் கிடந்த பட்டாணி. வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கடை இருந்தது தெரியாமல் வாராவாரம் கடைக்கு ஓடியிருக்கிறார்கள். "பத்து நாளைக்கு பால், முட்டை, காய்கறி தவிர எதுவும் வாங்கப் போறதில்ல" என்று அவன் அறிவித்தபோது அவன் குரலில் புது வேலையில் சேர்ந்தவனின் துள்ளல் இருந்தது.

அன்று மாலையே மூக்கு உடைபட்டது. கொண்டைக்கடலையை ஊறப்போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் கொதித்தும் அது ஜல்லிக்கல்லாகவே இருந்தது. ரொட்டியும் முட்டையும் தின்று படுத்தார்கள். நடுவர் தன் நோட்டில் பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டாள். அந்த இரண்டும் முட்டைக்கு.

ஆனால் அவன் அசரவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தவன், கடை கட்டும் நேரத்தில் விலை படியிறங்குவதைக் கண்டுபிடித்தான். ஒரு கடைக்காரர் மீந்துபோன எட்டு முட்டைக்கோஸை இரண்டின் விலைக்குத் தருவதாகச் சொன்னதும் தலைகால் புரியாமல் எட்டையும் வாங்கி, வேலைப் பையில் நான்கும் கையில் நான்குமாக வந்து சேர்ந்தான்.

முட்டைக்கோஸ் சூப், முட்டைக்கோஸோடு முட்டை, பச்சையாக நறுக்கி எலுமிச்சை பிழிந்த முட்டைக்கோஸ் என்று நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் வாண்டு கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மிச்சம் மூன்று ஃப்ரிட்ஜில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தன. அவர்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த டீச்சர் பால்கனித் தொட்டிகளில் தக்காளியும் கீரையும் வளர்ப்பது அவன் நினைவுக்கு வந்தது. இரண்டு முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான். திரும்பி வரும்போது ஒரு கூடைத் தக்காளியும், ஒரு கட்டுக் கீரையும், பாதிப் பூசணிக்காயும் அவன் கையில் இருந்தன. டீச்சர் வீட்டில் பூசணி தின்ன ஆள் இல்லையாம். லாட்டரி விழுந்தவன்போல் அவன் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கியதை அவன் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். இவனை இப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரத்தில் மூவருக்குமே அது காய்ச்சல் மாதிரி தொற்றிக்கொண்டது. காலையில் கிளம்பும்போதே இன்றைக்கு என்ன என்று ஊகிப்பார்கள். மருந்துக்கடையிலிருந்து அவள் போன் போட்டு, பூசணித் தோலைக்கூட வதக்கலாமாம் என்று துப்புக் கொடுப்பாள். போட்டியில் தான் எந்தப் பக்கம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

இருபத்தாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் அண்ணனின் போன் வந்தது. குடும்பத்தோடு நான்கு பேர், இரண்டு மணி நேரத்தில் சாப்பிட வருகிறார்கள். அண்ணன் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். கறி இல்லாத தட்டை அவர் தட்டாகவே மதிக்க மாட்டார். ஹோட்டலில் சொல்லிவிடலாம், அந்த பில்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றாள் மனைவி.

"கொண்டைக்கடலை நேத்தே ஊறியாச்சு. எனக்கு ரெண்டு மணி நேரம் குடு" என்று அவன் சட்டைக் கையை மடித்தான்.

வீடு போர்க்களமாயிற்று. வாண்டு பூண்டு உரித்தாள். மனைவி தக்காளியை வதக்கிப் பருப்போடு கடைந்தாள். அவன் வெந்த கடலையை மிளகும் பூண்டும் போட்டு மொறுமொறுவென்று வறுத்தான். பூசணித் துண்டுகள் ஓவனில் ஓரம் கருகி இனிப்பாக மணத்தன. கீரையும் முட்டையும் கடைசி நிமிடத்தில் இறங்கின. அழைப்பு மணி அடித்தபோது அவன் மூக்கு நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

அண்ணன் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். வேறு எதுவும் வரப்போவதில்லை என்று புரிந்ததும் பெருமூச்சு விட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். முதல் வாய்க்குப் பிறகு பேச்சு நின்றது. அவர் பேசாமல் சாப்பிட்டு அவன் மனைவி பார்த்ததே இல்லை. கடலையை மூன்றாம் முறை போட்டுக்கொண்ட பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை, இதுல என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல மச்சான். முந்தின நாளே ஊறப்போட்டேன்."

கிளம்பும்போது அண்ணன் மனைவி மிச்சத்தை டப்பாவில் வாங்கிக்கொண்டு போனாள்.

மாதம் முடிந்த அன்று நடுவர் பில்களைக் கூட்டினாள். செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மயிரிழை அளவு குறைந்திருந்தது. அவள் கைதட்ட எழுந்தபோது அவன் தயங்கித் தயங்கித் தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு பில்களை எடுத்து மேசையில் வைத்தான். வேலை நடந்த இடத்துக்கு எதிரே இருந்த கடையில், கூட்டாளிகளோடு இரண்டு மதியம் பொரித்த கோழி சாப்பிட்டிருந்தான். அவற்றைச் சேர்த்ததும் கணக்கு இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. தோற்றுப்போனான்.

"நீங்க வைக்கலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியுமே" என்றான்.

அவள் அந்த வாரம் எடுத்த அவனுடைய பரிசோதனை முடிவைப் பிரித்தாள். கொழுப்பு இறங்க ஆரம்பித்திருந்தது. சர்க்கரை இறங்கவில்லை, ஏறவும் இல்லை. ஒரு மாதத்துக்கு இது நல்ல தொடக்கம், விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

அவன் பாத்திரம் துலக்க எழுந்தபோது மனைவி வாண்டுவின் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பித் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் சமையலறை அவளுடையதாம். அவன் தொட முடியாத மூன்றில் ஒரு பங்கை அவள் தொட்டுக் காட்டுவாளாம்.

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குள் காலை வைத்ததும் போன் அடித்தது. மூச்சிரைத்தபடி அவள் பேசினாள்.

"தெருமுனைக்கு வாங்க, சீக்கிரம். ஒருத்தர் லாரியைக் காலி பண்ணிட்டுக் கிளம்புறார். ஒரு மூட்டை சர்க்கரைவள்ளி வாங்கிட்டேன், தூக்க முடியல."

அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான். பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக நடுவரும் ஓடினாள்.