எட்டு வருடமும் இருபத்தொரு நாளும்

தெலுங்குப் பக்கம் தார்நாகாவில் இருந்த இருதயராஜுக்கும் அவர் மனைவி அன்னம்மாளுக்கும், மகள் ஊரில் இல்லாத நாட்களில் வயது ஏறுவதில்லை. 2010 ஆகஸ்டில் ரஞ்சனா நெதர்லாந்துக்கு வேலைக்குப் போன அன்று அவருக்கு அறுபது, அன்னம்மாளுக்கு ஐம்பத்தேழு. இரண்டு வருடம் கழித்து, டிசம்பர் விடுமுறைக்கு வந்து வாசலில் அவள் பெட்டியை இறக்கியபோதும் அதே அறுபது, அதே ஐம்பத்தேழு. அவள் தங்கியிருந்த மூன்று வாரத்தில் அந்த இரண்டு வருடமும் மொத்தமாக வந்து சேர்ந்தது. முதல் வாரம் மூட்டு பிடித்தது, இரண்டாம் வாரம் காது மந்தமானது, மூன்றாம் வாரம் நரை. விமானம் கிளம்பியதும் எல்லாம் அப்படி அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவள் வந்தபோதெல்லாம் இதேதான்.

இது முதலில் தெரிந்தது முடி திருத்துகிறவருக்குத்தான். இரண்டு வருடம் கடைப் பக்கமே வராத இருதயராஜ், மகள் வந்தால் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து உட்கார்ந்தார். அடுத்த வீட்டு வசந்தகுமாரிக்கும் தெரியும். அன்னம்மாளுக்கும் அவளுக்கும் ஒரே வயது. வசந்தகுமாரி தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்த பிறகும் அன்னம்மாளின் பின்னல் கருகருவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் போவன்பள்ளி சந்தையில் தக்காளி என்ன விலை என்று பேசுகிற மாதிரிதான் தெருவில் இதையும் பேசினார்கள். ஒரு வீட்டில் போர் தண்ணீர் உப்பு, இன்னொரு வீட்டில் இப்படி. விஷயம் தெரியாத ஒரே ஆள் ரஞ்சனா. வரும்போது தெம்பாக நின்றவர்களைப் போகும்போது தளர்ந்தவர்களாகப் பார்ப்பாள். இவ்வளவு நாளும் போனில் நமக்காகச் சிரித்து மறைத்திருக்கிறார்கள், கிட்ட இருந்து பார்த்த பிறகுதான் உண்மை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு, துபாய் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போவாள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்தால் செய்கிற முதல் காரியம், அப்பா அம்மாவை வெறும் வயிற்றோடு இழுத்துப்போய் முழு உடல் பரிசோதனை செய்வது. வருடம் முழுக்கப் பக்கத்தில் இல்லாத குறையை ஒரே காலையில் நாலு குப்பி ரத்தத்தில் தீர்த்துக்கொள்வார்கள். ரஞ்சனாவும் அப்படித்தான். 2016 டிசம்பரில் வந்த மறுநாளே பரிசோதனை முடிந்து, இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று தாள் வந்தது. இருபதாம் நாள் இருதயராஜ் குளியலறையில் மயங்கி விழுந்தார். பதறிப்போய் மறுபடி எல்லாப் பரிசோதனையும் செய்தாள். சர்க்கரை, உப்பு, இதயத் துடிப்பு எல்லாமே பதினெட்டு நாளில் இரண்டு வருடம் முன்னே போயிருந்தன. தப்பான தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவள் சண்டை போடக் கிளம்பியபோது அப்பா உட்காரச் சொன்னார்.

இருதயராஜ் அங்கிருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் கண்ணாடிக் குழாய்களைச் சுடரில் காட்டி ஊதி, விஞ்ஞானிகள் கேட்ட வளைவில் செய்து கொடுத்தவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். அலமாரியிலிருந்து வரைதாள்களை எடுத்து மேஜையில் விரித்தார். ரத்த அழுத்தம், எடை, செய்தித்தாளைப் படிக்கிற தூரம், மாடிப்படி ஏறுகிற நேரம் எல்லாம் தேதி வாரியாக இருந்தன. கோடுகள் இரண்டு வருடம் தரை மாதிரி ஓடின, பிறகு மூன்று வாரம் செங்குத்தாக எழும்பின, மறுபடி தரை. எழும்பிய இடங்களிலெல்லாம் அவளுடைய விமான எண்ணைப் பென்சிலில் குறித்திருந்தார்.

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வருவியா?" என்றார்.

அவர் நினைத்தது சரிதான். ரஞ்சனா வரவில்லை. 2018 டிசம்பருக்கு வாங்கியிருந்த டிக்கெட்டை ரத்து செய்தாள். அப்பா அம்மாவிடம் ஆபீஸில் வேலை அதிகம் என்றாள், அதற்கடுத்த வருடம் விசா என்றாள், அப்புறம் கொரோனா வந்து அவளுக்கு ஒரு பொய்யை மிச்சப்படுத்தியது. விமானங்கள் நின்றுபோன அந்த வாரம் அவள் மனதில் முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து இன்றைக்கும் அவளுக்குக் கூசும். போகாமல் இருப்பதுதான் பாசம், நான் போகாததால்தான் அவர்கள் இருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் மிச்சமான விடுமுறையில் ஒரு வருடம் லிஸ்பன் போனாள், ஒரு வருடம் நார்வேயில் பனிமலை பார்த்தாள். அங்கே எடுத்த படங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இரண்டு பேரும் போன வாரம் இருந்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தால் சிக்னல் போய்விடும்.

இங்கே தார்நாகாவில் கஷ்டம் வேறு மாதிரி இருந்தது. 2016இல் அவள் கிளம்பிய அன்று அன்னம்மாளுக்குக் கீழ்த்தாடையில் ஒரு பல் ஆட ஆரம்பித்திருந்தது. அது எட்டு வருடம் ஆடியது. விழவும் இல்லை, பதியவும் இல்லை. டாக்டர் பிடுங்கப் பார்த்தார். பல் அசையுமே தவிர வரவில்லை. அவள் எட்டு வருடம் ஒரு பக்கமாகவே மென்றாள். வசந்தகுமாரிக்கு முட்டி போய், வாக்கர் வந்து, கடைசியில் அவள் படுக்கையில் விழுந்து போயும் சேர்ந்தாள். சாவு வீட்டுக்குக் கறுத்த பின்னலோடு போய் நின்ற அன்னம்மாளை, வசந்தகுமாரியின் பேத்தி ஏற இறங்கப் பார்த்தாள். அன்று மத்தியானமே அன்னம்மாள் மகளைப் போனில் கூப்பிட்டாள். நெதர்லாந்தில் ஆபீஸ் நேரம். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ரஞ்சனா மெதுவாகச் சொன்னாள்.

"மீட்டிங் எல்லாம் நக்கோ, வேணாம். கேளு. எங்கள உயிரோட வெச்சிருக்கேன்னு நினைச்சிக்கிட்டு இருக்க. பீரோவுல வெச்சிருக்க. வந்து எடு."

ரஞ்சனா எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவரோடு சாய்ந்து நின்று, மூக்கைச் சிந்திவிட்டு டிக்கெட் போட்டாள்.

2024 டிசம்பர் பதினான்காம் தேதி காலையில் வந்து இறங்கினாள். விடுமுறை இருபத்தொரு நாள். எட்டு வருடத்தை இருபத்தொரு நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு நாலரை மாதத்துக்கு மேல் வருகிறது என்று இருதயராஜ் காபி குடித்துக்கொண்டே சொன்னார். மூன்றாம் நாள் அன்னம்மாளின் பல் தோசையோடு வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் சிரித்தாள். வீட்டில் அப்படியொரு வாரம் அதற்கு முன் வந்ததில்லை. முடி திருத்துகிறவர் வீட்டுக்கே வந்துபோனார். அம்மாவும் மகளும் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லுக்கு மாவு பிசைந்தார்கள். காலையில் மாவை அடித்துப் பிசைந்த அம்மாவின் விரல்கள் மறுநாள் மடங்க மறுத்தன. ரஞ்சனாவின் கண் ஓயாமல் அவர்கள் மேலேயே இருந்தது. அப்பா ஒவ்வொரு காலையும் வரைதாளில் புள்ளி வைத்தார். கை நடுங்க ஆரம்பித்த பிறகு மகளை வைக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அப்புறம் வைத்தாள்.

கிறிஸ்துமஸ் பூசைக்கு மூன்று பேரும் நடந்தே போனார்கள். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த இருதயராஜ் எழுந்திருக்கவில்லை. அது பதின்மூன்றாம் நாள். கணக்குப்படி அவருக்கு அப்போது எழுபத்தொன்று. மகள் ஒழுங்காக வந்துபோயிருந்தால் மூன்று வருடம் முன்பே போயிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். இப்போது வராமலே இருந்திருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டையும் ஒரே அனுதாபக் குரலில்தான் சொன்னார்கள். ரஞ்சனா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் டிக்கெட்டை மாற்ற உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. இன்றே கிளம்பினால் அந்த மூன்று வருடமாவது மிஞ்சும். தேதியைத் தப்புத் தப்பாக அழுத்தினாள். அன்னம்மாள் வந்து போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ஏழாம் நாள் பூசை யாரு வைப்பா?"

"நான் இருந்தா உனக்கு ஆகாதும்மா. உன்னையும் நானே..."

"ஹவ், ஆமா, ஆகாது. அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? உங்கப்பன் போன வீட்டுல என்னை அப்படியே நிறுத்தி வெச்சிட்டுப் போகப் பாக்குறியா? இந்த அழுகை எப்ப தீரும் எனக்கு?"

அது ரஞ்சனாவுக்குத் தோன்றவே இல்லை. அவள் போய்விட்டால் இந்த நாள்தான் அம்மாவுக்கு நிற்கும், அந்தப் பல் மாதிரி. இருந்துவிட்டாள். ஏழாம் நாள் பூசைக்குள் அன்னம்மாளின் தலை முழுக்க வெளுத்தது. கடைசி மூன்று நாளில் அவள் அழுகை மெல்லக் குறைந்து, அவருடைய குறட்டையைப் பற்றிக் கேலி பேசுகிற அளவுக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள்ளா என்று இருந்தது. அவளுக்கு அது மூன்று வருடம்.

இப்போது ரஞ்சனா ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் வருகிறாள். குற்ற உணர்ச்சி போகவில்லை. வரும்போது ஒரு விதம், போகும்போது ஒரு விதம். வாசல் கேட்டில் கை வைக்கும்போது இன்னும் ஒரு கணம் நின்றுவிடுகிறாள். அன்னம்மாள் தேதி தெரிந்ததும் பலம் வேண்டிய வேலைகளை முடித்துக்கொள்கிறாள். பரணை ஒழிப்பாள், திரைச்சீலைகளைத் துவைப்பாள், பதினாலாம் தேதிக்கு மேல் பையைத் தூக்க முடியாது, வாசலிலேயே வைத்துவிடு என்று காய்கறி வண்டிக்காரரிடம் தெலுங்கில் சொல்லி வைப்பாள். அவரும் மகள் வருகிறாளா என்று கேட்டுவிட்டுப் போவார். கண்ணாடிக் கடையில் அடுத்த பவரை முன்கூட்டியே செய்து வாங்கி வைத்திருப்பாள். போன ஜூனில் மகள் வந்த நாலாம் நாள் பழைய கண்ணாடியில் மங்கியதும், புதியதை எடுத்து மாட்டி, எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரஞ்சனாவைக் கிட்ட வரச் சொன்னாள். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உனக்கும் நரைச்சிருக்கேடி" என்று சொல்லிவிட்டு, பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.