மழையில் ஏறாத கொடி

நடுப்பாவடித் தெருவுக்கென்று ஒரு கொடி இருந்த விஷயம் தெருவில் பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது. தெருக்கோடி முருகன் கோயிலைப் புதுப்பிக்கப் போனவர்கள், உற்சவச் சாமான் வைக்கும் மரப்பெட்டியின் அடியில் அதைக் கண்டெடுத்தார்கள். சந்தன நிறப் பட்டு, மேலும் கீழும் அரக்குக் கரை, நடுவில் ஒரு நாடா உருவம். தறியில் ஊடைநூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறதே, அந்த நாடாதான். தெரு நலச்சங்கத் தலைவர் வேலாயுதம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்து, ‘நம் முன்னோர் பறக்கவிட்ட கொடி, கும்பாபிஷேகத்தன்று மீண்டும் பறக்கும்’ என்று எழுதித் தெருக் குழுவில் போட்டார். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன.

அந்தப் படம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனிக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே எலக்ட்ரீஷியன் அந்தோணி தன் பங்குக்கு எழுதினார்: ‘இந்தக் கொடி ஏறியிருந்தால் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கொடி.’ அவர் மகள் சிம்ரன் ஏனாத்தூரில் கல்லூரி படிக்கிறவள். அவள் அதை ஒரு வீடியோவாகச் செய்து விட்டாள். அந்த வாரமே மனு போனது, மறுமனு போனது, தாசில்தார் இரு தரப்பையும் சமாதானக் கூட்டத்துக்கு அழைத்தார்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவள் புவனேஸ்வரி. வேலாயுதம் அவள் கணவன் குமரகுருவின் கூடப்பிறந்த அண்ணன். அவள் தறி ஓடுகிற வீடு அவர் பெயரில் இருக்கிறது. அந்தோணியின் மனைவி பட்டம்மாளோ அந்தத் தறியில் புவனேஸ்வரிக்கு எதிர்க்கை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்கிற கோர்வைச் சேலையை ஒருவரே நெய்ய முடியாது. நெய்கிறவள் உடல் நாடாவையும் ஒரு கரை நாடாவையும் பார்த்துக்கொள்வாள். மறுகரை நாடாவைப் போட இன்னொருத்தி வலப்பக்கம் உட்கார வேண்டும். உடல் இழையும் கரை இழையும் ஒன்றை ஒன்று கோர்த்துக்கொண்டு திரும்பும். கை பழகாதவளோடு உட்கார்ந்தால் கோர்வை பல்லிளிக்கும். புவனேஸ்வரியின் மகள் பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து அந்த வலப்பக்கம் பட்டம்மாளுடையது. குமரகுரு ஒரகடத்துக் கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போய்விடுவான். பகலெல்லாம் இவர்கள் இருவரும்தான். மாமியார், மாதவிலக்கு, மகள்களின் மார்க்கு என்று அவர்கள் பேசாத விஷயம் இல்லை. கொடியைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

சமாதானக் கூட்டத்துக்கு, பெண்களும் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று புவனேஸ்வரியையும் வேலாயுதம் அழைத்துப் போனார். அவர் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் பாவை, அதாவது சேலைக்கான நீள இழைகளை, தெரு நீளத்துக்கும் விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். யாராவது குறுக்கே வந்தால் இழை அறுந்துவிடும். அதனால் பாவு விரித்த நேரத்தில் தெருமுனையில் கொடி ஏற்றுவார்கள்.

“கொடி ஏறிச்சுன்னா கோயில் குருக்களே வந்தாலும் சுத்திக்கினுதான் போவணும். ஆளப் பாத்து ஏத்துன கொடி இல்ல சார் அது” என்றார்.

“குருக்களு காலைல சுத்திப் போவாரு, மத்தியானம் கொடி எறங்குனா நேரா வருவாரு” என்றார் அந்தோணி. “எங்களுக்கு அந்த மத்தியானம் வரவே இல்ல சார். எங்கப்பா மழைக்காலத்துலதான் படிப்ப விட்டாரு. ஸ்கூலுக்குப் போவணும்னா ஒண்ணு இந்தத் தெரு, இல்ல வேகவதி ஆத்தத் தாண்டணும். ஆத்துல தண்ணி வந்துடுச்சு. இங்க வந்து பாத்தா மழைலயும் கொடி பறந்துக்கினு இருக்குது. எத்தினி நாள் நின்னு பாத்துட்டுத் திரும்புவாரு?”

வேலாயுதம் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். “மழைல எவனாச்சும் பாவு விரிப்பானாப்பா? கஞ்சி போட்ட பட்டு அது. வானம் இருட்டுனாலே பாவச் சுருட்டி உள்ள எடுத்துப்போம். பாவு போச்சுன்னா கொடியும் எறங்கிடும். அந்தக் கொடி மழையக் கண்டதே இல்ல. ஒரு சொட்டு பட்டிருந்திச்சுன்னு யாராச்சும் காட்டட்டும், நானே ஏத்த மாட்டேன்.”

யாரிடமும் காட்ட ஒன்றுமில்லை. தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழைய கொடி இற்றுப்போயிருக்கிறது, காற்றில் ஏற்றினால் கிழிந்துவிடும், ஆகவே புதிதாக ஒன்று நெய்து ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது. சாமி படமோ சாதிப் பெயரோ புதிதாக நுழைந்துவிடக் கூடாது என்று அந்தோணி பிடிவாதம் பிடித்தார். “பழசு மாதிரியே, ஒரு இழை மாறக் கூடாது” என்றார் தாசில்தார். “ஒரு இழை மாறாது சார், என் தம்பி சம்சாரமே நெய்யும்” என்று வேலாயுதம் புவனேஸ்வரியைக் காட்டினார். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் பட்டம்மாள் வரவில்லை, போன்தான் வந்தது.

“அந்தக் கொடிக்கு நான் நாடா போட மாட்டேன்க்கா. அது நெய்ஞ்ச தறிலயும் அப்புறம் வந்து குந்த மாட்டேன். என்னைத் தப்பா நெனைக்காத.”

“நானா நெய்யறேன்னு சொன்னேன்?”

“நீ மாட்டேன்னும் சொல்லலியே.”

புவனேஸ்வரிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு துண்டுத் துணிக்காக உதறுகிறாளே என்று நாள் முழுக்கப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். எதிர்க்கைக்கு என் மருமகள் சங்கரியை அனுப்புகிறேன் என்று வேலாயுதம் சொல்லியனுப்பினார். சங்கரி நல்ல பெண்தான். ஆனால் அவள் காதில் எப்போதும் ஏதாவது ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்.

அளவெடுக்க வேண்டும் என்று பழைய கொடியை வாங்கிவந்து, வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் பரப்பினாள். கரை அகலம், நாடா உருவத்தின் நீளம், கோர்வை நெருக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவள், மேல்கரை ஓரத்தில் நின்றாள். அரக்குச் சாயம் சந்தனத்துக்குள் இறங்கியிருந்தது. மங்கலான சிவப்பில் கோடு கோடாக, சில விரற்கடை நீளம், சில சாண் நீளம். துவைத்திருப்பார்கள், சாயம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கீழ்க்கரைக்கு வந்தாள். அங்கே ஒன்றுமில்லை. சந்தனம் சுத்தமாக இருந்தது.

அவள் கொடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். துவைத்த பட்டில் சாயம் போனால் இரண்டு கரையிலும் போகும், நாலா பக்கமும் பரவும். மேலிருந்து கீழாக மட்டும் இறங்க வேண்டுமென்றால், துணி தொங்கிக்கொண்டே நனைந்திருக்க வேண்டும். அதுவும் ஒருமுறை இல்லை. பழைய கோடு காய்ந்து, அதன்மேல் இன்னொரு கோடு, அதன்மேல் இன்னொன்று என்று அழுத்தம் மாறி மாறி இருந்தது. தெருவில் பாவு இல்லாத நாட்களில், ஒரு மழை இல்லை, பல மழை.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. செய்தவர்கள் யாரோ, செத்தும் போனார்கள். ஆனால் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கொடியைச் சுருட்டித் துணிப்பையில் வைத்துக்கொண்டு காலனிக்குப் போனாள். அவள் பட்டம்மாள் வீட்டுக்கு அதற்கு முன் போனதே இல்லை. எந்த வீடு என்று இரண்டு இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

பட்டம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். புவனேஸ்வரி தரையில் உட்கார்ந்து கொடியை விரித்தாள். “மேல்கரையப் பாரு. அப்புறம் கீழப் பாரு” என்றாள்.

பட்டம்மாள் பார்த்தாள். அவளும் தறிக்காரிதான், விளக்கம் தேவைப்படவில்லை. கோடுகளின் மேல் விரலை வைத்து, தொடாமல், மேலிருந்து கீழே ஓட்டினாள்.

“எங்க மாமனார் இத்த சொல்லிச் சொல்லியே செத்தாரு” என்றாள். பிறகு, “உங்க மாமாகிட்ட போய்ச் சொல்லிடுக்கா.”

“சொன்னா துவைச்சதும்பாரு. எலி மூத்திரம்பாரு. மறுநாளு இந்தக் கொடி எங்க போச்சுன்னே தெரியாது.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற?”

“பழசு மாதிரியே நெய்யச் சொல்லியிருக்காங்க. ஒரு இழை மாறக் கூடாதாம். கவர்மெண்ட்டே சொல்லியிருக்குது. நாளைக்கு வந்துடு.”

பட்டம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்துபோய்க் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அரக்குச் சாயத்தை நீர்க்கவிட்டு மூன்று வெளுப்பில் கொஞ்சம் நூல் முக்கியெடுத்தாள் புவனேஸ்வரி. மேல்கரை, தறியில் பட்டம்மாளின் பக்கம் விழுந்தது. கரை நாடாவைப் போடுவாள், கோர்ப்பார்கள், பிறகு பழைய கொடியைப் பார்த்து எந்த இழையில் எவ்வளவு நீளம் சிவப்பு இறங்கியிருக்கிறதோ அந்த இழையில் அந்த நீளத்துக்கு வெளுத்த நூலைக் கையால் செருகுவாள் பட்டம்மாள். புட்டா போடுகிற வேலைதான். மாங்காய்க்கும் மயிலுக்கும் பதிலாக மழை. ஒருநாள் வேலாயுதம் எட்டிப் பார்க்க வந்தபோது, நெய்தது சுருண்டு உருளையில் போயிருந்தது. பட்டம்மாளைப் பார்த்துவிட்டு, “பாத்தியா, எல்லாம் சமாதானமா ஆயிடுச்சு” என்று திருப்தியாகப் போனார். மனுஷர் கெட்டவர் இல்லை. தன் அப்பா சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

கும்பாபிஷேகத்தன்று தெருமுனையில் புதுக் கம்பம் நட்டிருந்தார்கள். தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்திருந்தது. அந்தோணியும் காலனிக்காரர்கள் சிலரும் கூப்பிட்ட மரியாதைக்கு வந்து ஓரமாக நின்றார்கள். பழைய கொடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பார்வைக்குக் கோயில் வாசலில் வைத்திருந்தார்கள். புவனேஸ்வரி தாம்பாளத்தில் புதுக் கொடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலாயுதம் அதை உதறி விரித்து, முதலில் கோர்வையை விரலால் தடவினார். ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்த விரல்.

“கோர்வை கண்ணுல ஒத்திக்கலாம்மா” என்றவர், அப்படியே முகம் சுருங்கினார். “ஐயய்ய, என்னம்மா இது? கொண்டாந்து மழைல போட்டுட்டியா? மேல்கரை சாயம் ஒழுகிக்கினு இருக்குது பாரு. துணி காயப்போடுற கயித்துல தொங்கவிட்டு நனைய விட்டிருக்க. தொங்கிக்கினே நனைஞ்சாதான் இப்பிடி ஒரே பக்கம் எறங்கும். நீ தறிக்காரியா?”

மைக் அவர் பக்கத்திலேயே இருந்தது. தெருக்கோடி வரை கேட்டது.

“நனையலைங்க மாமா” என்றாள் புவனேஸ்வரி. பயமாகத்தான் இருந்தது. “திருப்பிப் பாருங்க. அது சாயம் இல்ல, நெசவு. பழசுல இருக்குற மாதிரியே நெய்யச் சொன்னீங்க.”

அவர் திருப்பினார். பின்பக்கம் நூல் முனைகள் சின்னச் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தன. எச்சில் தொட்டுத் தேய்த்தார். விரலில் சிவப்பு ஒட்டவில்லை. பிறகு கொடியோடு கண்ணாடிப் பெட்டியருகே போய்க் குனிந்தார். அங்கே வெகுநேரம் நின்றார். கூட்டத்தில் தறிக்காரர்கள்தான் அதிகம். ஒவ்வொருவராக வந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அந்தோணி வந்து பார்க்கவில்லை. அவருக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வேலாயுதம் நிமிர்ந்தார். புதுக் கொடியை மடித்தார். நல்ல பட்டை மடிக்கிற மாதிரி, கரை கரையோடு சேர மடித்தார்.

“காத்து பலமா இருக்குது” என்றார் மைக்கில். “இன்னிக்குக் கொடி வேணாம்.”

கோயில் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

அன்றிலிருந்து அவர் புவனேஸ்வரியிடம் பேசுவதில்லை. எது சொல்ல வேண்டுமானாலும் குமரகுரு வழியாகத்தான். வீட்டை எப்போது கேட்பாரோ என்று அவளுக்கு ஒவ்வொரு மாதமும் திக்கென்றுதான் இருக்கிறது. கம்பம் மட்டும் தெருமுனையில் வெறுமனே நிற்கிறது. அதைத் தாண்டித்தான் பட்டம்மாள் காலையில் வருகிறாள்.

கும்பாபிஷேகத்துக்கு மறுநாளும் வந்தாள். தறியில் மயில்கழுத்து நிறத்தில் புதுப் பாவு ஏறியிருந்தது. வலப்பக்கம் உட்கார்ந்தாள், கரை நாடாவை எடுத்தாள்.

“போடட்டுமாக்கா?” என்றாள்.

“போடு” என்றாள் புவனேஸ்வரி.